சுர்ரென்று அடிக்கும் ஆக்சிஜன் மெஷினும் இன்னும் சில கேள்விகளும்

(மருத்துவக் கருவிகளின் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மருத்துவமனைகளில் பயோமெடிக்கல் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் தருகிறார்.)

மாமியாருக்கு நுரையீரல் நோய். வாடகைக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கிறோம். வெறுங்காலோடு நின்று மெஷினின் பின்பக்க ஸ்குரூவைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது. கடைக்காரர், "கரன்ட் மெஷின்னா கொஞ்சம் அப்படித்தாம்மா, செருப்பு போட்டுக்கோங்க" என்கிறார். பயப்பட வேண்டுமா?
— வாசகி, காரைக்குடி

அப்படி இருக்கவே கூடாதம்மா. முதலில் மாமியாருக்கு ஒரு சிலிண்டரோ வேறு மெஷினோ உடனே ஏற்பாடு செய்யுங்கள். அது வந்ததும் இந்த மெஷினின் சுவிட்சை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். அதுவரை அதன் உலோகப் பாகங்களை யாரும் தொட வேண்டாம்.

மின்சாரத்தில் ஓடும் எந்த மெஷினிலும் துளி கரன்ட் உறைக்குக் கசியத்தான் செய்யும். எவ்வளவு கசியலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மருத்துவ மின் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1 என்ற உலகத் தரவிதிப்படி, எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது உறையைத் தொடுபவரின் உடலில் 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் பாயக்கூடாது. எர்த் ஒயர் அறுந்துபோனால்கூட 500ஐத் தாண்டக்கூடாது. சோதனைக்கூடத்தில் எர்த்தை வேண்டுமென்றே கழற்றிவிட்டு அளந்து பார்ப்பார்கள். ஒரு பழுது வந்தாலும் நோயாளிக்கு ஆபத்து வரக்கூடாது என்பதுதான் அந்த விதியின் அடிப்படை. கை விரலுக்குக் கரன்ட் தெரிய ஆரம்பிப்பதோ பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 1,000 மைக்ரோ ஆம்பியரில். உங்கள் விரலுக்கே தெரிகிறது என்றால், மெஷின் வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்னில் தடியாக, நீளமாக இருப்பதுதான் எர்த். நான் வேலை பார்த்த வார்டுகளில் அந்தப் பின்னை உடைத்துப்போட்ட பிளக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவரில் இரண்டு ஓட்டை சாக்கெட்தான் இருக்கும், அவசரத்தில் யாரோ வெட்டிவிடுவார்கள். மெஷின் வழக்கம்போல ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. பயிற்சிக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளிடம் காட்டுவதற்காகவே அப்படி ஒரு பிளக்கை மேஜையில் வைத்திருந்தேன்.

சில மெஷின்களுக்குக் கம்பெனியே இரண்டு பின் பிளக் கொடுத்திருக்கும். லேபிளில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. உங்களுடையது அந்த ரகமாக இருந்தால் விஷயம் இன்னும் மோசம். உள்ளே காப்பு கெட்டிருக்கலாம், அல்லது ஈரப்பத பாட்டிலிலிருந்து தண்ணீர் உள்ளே போயிருக்கலாம்.

செருப்பு போட்டால் உங்களுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். படுத்திருப்பவர் ஒரு கையில் மெஷினையும் மறு கையில் இரும்புக் கட்டிலையும் தொட்டால் என்ன ஆகும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கரன்ட் கசிந்தால் தானே சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியர் அளவில் ஒன்று போடச் சொல்லுங்கள்.

மாற்று மெஷின் வரும்போது லீக்கேஜ் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள சீரியல் நம்பர் மெஷினில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், தேதியும் சமீபத்தியதாக இருக்க வேண்டும். ஃபேக்டரியில் ஒரு முறை பாஸான மெஷின் பத்து வீடு ஏறி இறங்கியபின் அதே மெஷினாக இருக்காது. அதனால்தான் பயன்பாட்டில் இருக்கும் கருவிகளைத் திரும்பத் திரும்பச் சோதிக்க ஐ.இ.சி. 62353 என்று தனி விதியே இருக்கிறது. ஆக்சிஜன் செறிவையும் உங்கள் கண் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய டிஜிட்டல் பி.பி. மெஷின் டாக்டரிடம் காட்டுவதைவிட 20 புள்ளி கூடுதலாகவே காட்டுகிறது. பெட்டியில் எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு, சி.இ. என்றெல்லாம் போட்டிருக்கிறது. நம்பலாமா?
— வாசகர், திருநெல்வேலி

எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கம்பெனி தன் பெயரை அமெரிக்க அமைப்பில் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. மெஷினை அவர்கள் சோதித்து ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஐரோப்பிய விதிகளுக்கான சி.இ. குறிக்குப் பக்கத்தில் பி.பி. மெஷினுக்கு நான்கு இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும், தணிக்கை செய்த அமைப்பின் எண் அது.

நம் நாட்டில் நீங்கள் தேட வேண்டியது லேபிளில் உள்ள உற்பத்தி அல்லது இறக்குமதி உரிம எண். 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்து கருவிகளை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லாக் கருவிகளும் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஏ, பி வகைக்கு 2022 அக்டோபரிலிருந்தும், சி, டி வகைக்கு 2023 அக்டோபரிலிருந்தும் கட்டுப்பாடு முழுமையாகிவிட்டது. உரிம எண்ணே இல்லாத பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

உரிமம் இருந்தும் அளவு தப்பாக வரலாம். ஐ.எஸ்.ஓ. 81060-2 விதிப்படி ஒரு மாடலைக் குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதஸ்கோப்பில் ஒலியைக் கேட்டு எடுக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அந்த 85 பேரில் பருத்த கை உள்ளவர்களும் உண்டு, ஆனால் அவர்களுக்கு ஏற்ற அளவில் கையில் சுற்றும் பட்டையோடுதான் சோதிப்பார்கள். உங்கள் விஷயத்தில் எனக்குப் பட்டை மீதுதான் சந்தேகம். கைக்குச் சின்னதாக இருந்தால் பி.பி. கூடுதலாகவே காட்டும். புஜத்தின் சுற்றளவை டேப்பில் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் அளவோடு பாருங்கள். அப்புறம் மெஷினையே டாக்டரிடம் கொண்டுபோய், அதே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். அதற்குள் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். பிசியோதெரபிக்கான தசைத் தூண்டல் கருவி ஒன்று செய்திருக்கிறோம், நன்றாக ஓடுகிறது. விற்பதற்கு முன் என்னென்ன சோதனை? செலவுக்குப் பயமாக இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

தெரிந்த கிளினிக்கில் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். சோதனைக்காக நாலைந்து செய்வதற்குக்கூட எம்.டி.-13 என்ற அனுமதி வாங்க வேண்டும்.

செலவு பற்றிய பயம் நியாயமானது. ஆனால் பணம் பெரும்பாலும் கரைவது இரண்டாவது முறை சோதிக்கும்போதுதான். ஐ.எஸ்.ஓ. 14971 சொல்லும் அபாயக் கணக்கை இப்போதே உட்கார்ந்து எழுதுங்கள். எலெக்ட்ரோடு பாதி கழன்றால் என்ன ஆகும், குமிழ் முழு அளவில் இருக்கும்போது கரன்ட் போய் வந்தால் என்ன ஆகும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாக. அதை எழுதும்போதே சர்க்கியூட்டில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். பிறகு மின் பாதுகாப்புச் சோதனை. மெயின்ஸ் பக்கத்துக்கும் நோயாளி பக்கத்துக்கும் இடையில் 4,000 வோல்ட் வரை ஏற்றிக் காப்பு தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். சாதாரண டிரான்ஸ்பார்மர் போட்டிருந்தால் அங்கேயே போய்விடும், அதனால் மருத்துவத் தரத்தில் வாங்குங்கள். மின்காந்த இடையூறு சோதனைக்குச் சென்னை தரமணியில் உள்ள சமீர் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள். தோலில் ஒட்டும் பேடு உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று காட்டும் ஐ.எஸ்.ஓ. 10993 சோதனை அறிக்கை உள்ள சப்ளையரையே பிடித்தால் ஒரு பெரிய செலவு மிச்சம்.

இந்தக் கருவி பெரும்பாலும் பி வகையில் வரும். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வகைப்பாட்டுப் பட்டியலில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பி என்றால் உரிமம் தருவது மாநில அதிகாரிதான்.

அப்பாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடக்கப்போகிறது. கருவி பற்றி நாங்கள் கேட்டு வைக்க வேண்டியது ஏதாவது உண்டா?
— வாசகி, ஈரோடு

உண்டு. மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கர். கம்பெனி, மாடல், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். டீபியூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் உடம்பில் இறங்கியதுதான் காரணம். இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அதை வைத்திருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. நஷ்டஈடு அறிவித்த பிறகும், தன் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்றே தெரியாமல் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் நர்ஸ். இன்ஃபியூஷன் பம்ப் ஒன்று, வைத்த அளவைவிட வேகமாக மருந்தை ஏற்றிவிட்டது. நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "மெக்கானிக்கிடம் கொடுத்துடு, எழுதாதே" என்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

எழுதுங்கள். யாருக்கும் காயம் இல்லை என்பதால்தான் இப்போது எழுத வேண்டும். அடுத்த வார்டிலும் அதே மாடல் ஓடிக்கொண்டிருக்கும்.

பம்பைத் துடைக்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். உள்ளே பதிவாகியிருக்கும் விவரம் அழிந்துவிட்டால் காரணம் கண்டுபிடிக்க முடியாது. டியூப் செட்டையும் சிரிஞ்சையும் கழற்றாமல் அப்படியே தனியாக எடுத்து வைத்து, 'பயன்படுத்தாதே' என்று சீட்டு ஒட்டுங்கள். மாடல், சீரியல் நம்பர், வைத்த வேகம், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் நடத்தும் கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கு டாக்டர், நர்ஸ், டெக்னீசியன், நோயாளி யார் வேண்டுமானாலும் புகார் அனுப்பலாம். அனுப்பியவர் விவரத்தை ரகசியமாக வைப்பார்கள். கட்டணமில்லா எண் 1800 180 3024.