ஹர்ட், இன்ஜர், டேமேஜ்: எதை எங்கே?

கேள்வி: ஹர்ட், இன்ஜர், வூண்ட், ஹார்ம், டேமேஜ் என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கிறது. எப்படிப் பிரித்து எழுதுவது?

பதில்: அடிபட்டது ஆளா பொருளா என்று முதலில் பாருங்கள். ஒரு பஸ் கவிழ்கிறது. பஸ்ஸுக்கு டேமேஜ், பயணிகளுக்கு இன்ஜரி. 'தி பஸ் வாஸ் டேமேஜ்ட் அண்ட் டென் பாசெஞ்சர்ஸ் வேர் இன்ஜர்ட்' என்று எழுத வேண்டும். 'டென் பாசெஞ்சர்ஸ் வேர் டேமேஜ்ட்' என்றால் பயணிகளைச் சாமான்களோடு சேர்த்ததாகிவிடும். ஆனால் கல்லீரல், நரம்பு, மூளை என்று உறுப்பைத் தனியே சொன்னால் டேமேஜ் சரி. நற்பெயர் கெட்டாலும் அதே சொல்தான்.

வூண்ட் வினையாக வரும்போது பெரும்பாலும் பின்னால் ஓர் ஆயுதம் இருக்கும்: துப்பாக்கி, கத்தி, குண்டு. விபத்தில் அடிபட்டவரை 'வூண்டட்' என்று எழுதினால் யாரோ தாக்கியதுபோல் தொனிக்கும். பெயர்ச்சொல்லாக வந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தோல் கிழிந்த எந்தப் புண்ணும் வூண்ட்தான். உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதைச் சொல்லும் 'வைண்ட்' என்ற வினையின் இறந்தகாலத்துக்கும் இதே எழுத்துகள்தான், ஆனால் அது 'வவுண்ட்'.

ஹார்ம் பொதுவான சொல். புகை, ரசாயனம், கெட்ட பழக்கம் போன்றவை செய்யும் கெடுதலுக்குப் பொருந்தும். கையை உடைத்துக்கொண்டவர் 'ஐ ஹார்ம்ட் மை ஹேண்ட்' என்று சொல்வதில்லை. பார்வை, செவித்திறன், நிதானம் ஆகியவை மங்கினால் 'இம்பேர்' என்ற சொல்லைத் தேடிப் போங்கள். அங்கே அதற்கு நிகர் இல்லை.

கேள்வி: 'மை லெக் இஸ் பெயினிங்' தவறா?

பதில்: நம்மிடையே புரியும். பொதுவழக்கு ஆங்கிலத்தில் 'மை லெக் ஹர்ட்ஸ்' என்பார்கள். கால் வலிக்கிறது என்பதில் வலிப்பது கால்தானே, அதேபோலத்தான் இதுவும். 'ஐ ஹர்ட் மை லெக்' என்றால் காலில் அடிபட்டுக்கொண்டேன் என்று பொருள். இறந்தகாலத்துக்கும் வடிவம் ஹர்ட்தான். 'ஹர்ட்டட்' என்று ஒரு சொல்லே கிடையாது. தேர்வுத்தாளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். மனம் புண்பட்டதற்கும் ஹர்ட் போதும். இன்ஜர் அங்கே பெரும்பாலும் 'இன்ஜர்ட் ப்ரைட்' போன்ற சில தொடர்களில் மட்டுமே வரும்.

கேள்வி: புயலால் பல சேதங்கள் என்பதற்கு 'மெனி டேமேஜஸ்' எழுதலாமா?

பதில்: கூடாது. தமிழில் சேதத்துக்குப் பன்மை உண்டு, டேமேஜுக்கு அந்தப் பொருளில் இல்லை. 'எ லாட் ஆஃப் டேமேஜ்' என்று எழுதுங்கள். 'டேமேஜஸ்' என்றால் நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் நஷ்ட ஈடு.