முகத்தைப் பாதியில் கலைத்துவிடும் ஓவியர்கள், வரையத் தெரியாததை மறைக்கிறார்களா?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. பிரித்தானிய ஓவியர் ஜெனி சாவிலின் முகங்களைப் பார்த்துவிட்டு, "கண்ணை அச்சு அசலாக வரையத் தெரிந்தவர் கன்னத்தை ஏன் சாயக் குழம்பாக விடுகிறார்? ஏமாற்றுத்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஓவியம் பயிலும் பிள்ளை ஒன்று இருக்கிறது, அதோடு வாக்குவாதம் முற்றித்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நான் பிள்ளையின் பக்கம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டட வரைபடம் வரைந்து பிழைப்பவன். நுண்கலைப் பட்டம் கிடையாது. "இதைச் சொல்ல நீ யார்" என்று எழுத வருபவர்கள் அந்தச் சிரமத்தைத் தவிர்க்கலாம்.

கொழும்பின் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். பின்னேரத்தில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பஸ் கட்டடங்களின் நிழலில் ஓடும். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒவ்வொன்றையும் கடக்கையில் வெயில் ஒரு கணம் உள்ளே பாய்ந்து மறையும். அப்படி ஒரு பயணத்தில் அம்மா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் பாயும்போதெல்லாம் அவர் முகத்தின் ஒரு பக்கம் காணாமல் போய்த் திரும்பி வந்தது.

கைபேசியில் படமெடுத்தேன். வீட்டுக்கு வந்து கட்டம் போட்டு, முழு முகத்தையும் மூன்று வாரம் வரைந்தேன். இமை மயிர், மூக்குத்திக் கல், நாடியில் உள்ள மச்சம், எதுவும் தப்பவில்லை. முடித்துப் பார்த்தால் அடையாள அட்டைப் படம். அதில் வெயிலும் இல்லை, தூக்கமும் இல்லை.

கோபத்தில் சாயம் குழைக்கும் கத்தியால் காதிலிருந்து கன்னம் வரை வழித்தேன். தலை, ஒரு பக்கம் நசுங்கிய தகரப்பேணி ஆனது. கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது, தாடை காதுக்கடியில் எப்படி ஏறுகிறது என்று தெரியாமல் வழித்ததால் வந்த வினை. இமை மயிரை எண்ணி வரைந்தவனுக்கு எலும்பு தெரிந்திருக்கவில்லை! மறுபடி வரைந்தேன். இம்முறை வெள்ளையை அள்ளி அப்பியதில் சுண்ணாம்பு பூசியது போலிருந்தது. மஞ்சள் காவியும், நிழல் பக்கம் துளி பச்சையும் சேர்ந்த பிறகுதான் வெயில் சுட்டது. கொழும்புப் புழுக்கத்தில் எண்ணெய்ச் சாயம் காய்வதற்குள் மனிதனின் பொறுமை காய்ந்துவிடும். நான்காவது தடவைதான் நின்றது. ஐந்து நிமிட வேலை போல் தெரியும் அந்தக் கன்னம் இரண்டு மாதம் தின்றது.

அதைக் கலா பொலவில் வைத்தேன். 1993இலிருந்து விஹாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்து வீதியில் நடக்கும் ஓவியச் சந்தை அது. ஓர் அன்ரி நெடுநேரம் நின்று பார்த்தார். எனக்குள் பெருமை. "தம்பி, இதை எப்போது முடிப்பீர்கள்?" என்றார். முடிந்துவிட்டது என்றேன். "பாதி முகம்தானே இருக்கிறது, பாதி விலைக்குத் தாருங்கள்" என்றார். கொடுக்கவில்லை.

பிறகு ஒரு குழுக் கண்காட்சியில் அதே படம். "ஒழுங்கை ஒளி" என்று பெயர் கொடுத்திருந்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சரியாக இருந்த அட்டையில் தமிழ் மட்டும் "ஒழுங்கை ஒலி". ஒருவர் வந்து ஒலி எங்கிருந்து வரும் என்று கேட்டார். திருத்தச் சொன்னேன். "யார் வாசிக்கப் போகிறார்கள்" என்று பதில் வந்தது. கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, தெரியும். ஆனால் இந்த ஊரில் பெயர்ப்பலகைத் தமிழைப் பார்த்து வயிறு எரியாத நாளே எனக்கு இல்லை.

சாவிலுக்கு வருகிறேன். என்னை அவரோடு ஒப்பிடவில்லை, அந்தச் சண்டையும் வேண்டாம். 1992இல் அவர் வரைந்த 'ப்ராப்ட்' என்ற படம் ஏழடி உயரம். 2018இல் லண்டன் ஏலத்தில் 95 லட்சம் பவுணுக்குப் போனது. விலை எதையும் நிரூபிக்காது என்பீர்கள், சரி. லியனார்டோவின் கரிவரைவைப் பின்பற்றி அவர் வரைந்த தாய் சேய் படங்களைத் தேடிப் பாருங்கள். பிள்ளை திமிறுகிறது; கைகால்களின் கோடுகள் அழிக்கப்படாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்தக் குழப்பத்திலும் தாயின் கை பிள்ளையின் பாரத்தைத் தாங்குகிறது. வரையத் தெரியாதவரால் அது முடியாது.

திரையில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் நிறுவனமாக இருக்கிறது. 1943இல் கொழும்பில் தொடங்கிய, நவீன ஓவியர்களின் '43 குழு'வின் படங்கள் அங்கே உள்ளன. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜஸ்டின் தரணியகலவின் தடித்த சாயத்துக்கு முன்னால் நின்று கண்ணைப் பாதி மூடுங்கள். குழம்பு திரண்டு ஒரு தலையாக எழும். பம்மாத்துக்காரர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் படத்துக்கு முன்னால் எவ்வளவு கண்ணைச் சுருக்கினாலும் ஒன்றும் திரளாது.

என் படம் இப்போது வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. முதன்முதலில் பார்த்தபோது, "மற்றக் கண் எங்கே?" என்று மட்டும்தான் அம்மா கேட்டார். இப்போது வருபவர்கள் யாராவது அதைப் பார்த்தால் நான் வாய் திறப்பதற்குள், "மகனுக்கு வேலை கூட, இன்னும் முடிக்கவில்லை" என்று அவரே சொல்லிவிடுகிறார்.