கார்டு படங்கள்: ஒரு கடிதம்

அண்ணே, வணக்கம்.

தங்கச்சிமடத்தில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். முறையாக யாரிடமும் படிக்கவில்லை. கார்டுக்கு (chord, சேர்த்து அழுத்தும் சுரக் கூட்டு) ஒன்றாக, அழுத்த வேண்டிய கட்டைகளில் புள்ளி வைத்த படங்களைப் போனில் சேர்த்திருக்கிறேன். படம் எதிரில் இருந்தால் வாசித்துவிடுவேன். போனை மூடினால் போச்சு. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை தாவுகிறது. பாடும் அக்கா திடீரென்று "தொண்டை கட்டியிருக்கு, அரைக்கட்டை இறக்கு" என்றால், கை மாறாமலே சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன்தான். தெரிந்த மாஸ்டர் ஒருவர், படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நொட்டேஷன் படி என்கிறார். படம் பார்த்துப் படிப்பது தப்பா? இன்னொன்று, எங்கள் கீபோர்டில் சில கட்டைகளில் சத்தமே வருவதில்லை. புதிதுதான் வாங்க வேண்டுமா?

ஆ., தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பி,

தப்பில்லை. நொட்டேஷனும் படியுங்கள், ஆனால் அதற்காகப் படத்தை விட வேண்டியதில்லை. நீங்கள் படத்தில் புள்ளியை மட்டும் பார்க்கிறீர்கள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்க்க வேண்டும்.

டி மேஜர் படத்தை எடுங்கள். டி, எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அடுத்த கறுப்பு), ஏ. டி-யிலிருந்து கறுப்பு வெள்ளை பாராமல் ஒவ்வொரு கட்டையாக எண்ணினால் நாலாவது எஃப் ஷார்ப். அங்கிருந்து மூன்றாவது ஏ. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் நாலு, மூணு என்று போனால் மேஜர். மூணு, நாலு என்று போனால் மைனர். மேஜர் 12, மைனர் 12, ஆக 24 படங்கள் இந்த இரண்டு எண்ணில் அடங்கிவிடும். எண்ணும்போது ஓர் எச்சரிக்கை: சி ஒரு கட்டை, டி ரெண்டு கட்டை என்கிற சுருதிக் கணக்கில் மூணு கட்டைக்கும் நாலு கட்டைக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதாவது ஈ-யை அடுத்து நேராக எஃப். பி-க்கும் சி-க்கும் இடையிலும் அப்படித்தான். கணக்கு பிசகுவதெல்லாம் இந்த இரண்டு இடத்தில்தான்.

இனி அக்காவின் தொண்டைக்கு வருவோம். ரெண்டு கட்டையில் பாட்டு, கார்டுகள் டி, ஜி, ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கட்டை இறக்கினால், அதாவது கறுப்பு வெள்ளை பாராமல் ஒன்று கீழே போனால், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், ஏ ஃப்ளாட். பயப்படாமல் இரண்டு வரிசைப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டி மேஜர் வெள்ளை, கறுப்பு, வெள்ளை. டி ஃப்ளாட் கறுப்பு, வெள்ளை, கறுப்பு. ஜி மேஜரில் மூன்றும் வெள்ளை, ஜி ஃப்ளாட்டில் மூன்றும் கறுப்பு. ஏ-யும் ஏ ஃப்ளாட்டும் டி ஜோடியைப் போலவே. மூன்று கார்டிலும் நிறம் அப்படியே தலைகீழாகிறது, அவ்வளவுதான். திருவிழாக் கூட்டத்தில் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் மட்டும் அதைத் தொடாதீர்கள்.

கை தாவுவதற்குக் காரணம் உங்கள் கை இல்லை, படம். இந்தப் படங்களில் பெரும்பாலும் கார்டின் பெயருள்ள கட்டைதான் இடது ஓரத்தில் இருக்கும். பாட்டில் அப்படி வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. வலது கையை டி, எஃப் ஷார்ப், ஏ-வில் வையுங்கள். ஜி கார்டுக்கு டி-யை விடாமல், எஃப் ஷார்ப்பை ஒரு கட்டை ஏற்றி ஜி-க்கும், ஏ-யை இரண்டு கட்டை ஏற்றி பி-க்கும் நகர்த்துங்கள். டி, ஜி, பி. அதே ஜி மேஜர்தான், அடுக்கு மட்டும் வேறு. மறுபடி டி-க்கு வந்து, ஏ கார்டுக்கு ஏ-யை விடாமல் மற்ற இரண்டையும் கீழே இறக்குங்கள்: சி ஷார்ப், ஈ, ஏ. கை இருந்த இடத்திலேயே இருக்கும். பெயருள்ள கட்டையை இடது கை கீழே பிடித்துக்கொள்ளட்டும். இந்த மூன்றையும் ஒரே தாளில், ஒன்றின்கீழ் ஒன்றாக, நீங்களே வரையுங்கள். மாறாத புள்ளியை மேலிருந்து கீழே ஒரு கோட்டால் இணையுங்கள். போனில் இருக்கும் அத்தனை படத்தையும்விட அந்தத் தாள் உங்களுக்கு உதவும். கையால் வரைந்தது மறக்காது.

வரையும்போது கறுப்புக் கட்டைகளை முதலில் போடுங்கள். இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக நிற்பவை அவை. வள்ளத்துக்காரர்கள் கரையில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் வைத்துக் கடலில் இடம் பிடிக்கிற மாதிரி, கண்ணுக்குப் பிடிமானம் அவைதான். இரண்டின் நடுவில் இருக்கும் வெள்ளை எப்போதும் டி.

ஸ்கேலுக்கும், அதாவது சுர வரிசைக்கும், இதே கதைதான். மேஜர் ஸ்கேல் என்றால் 2, 2, 1, 2, 2, 2, 1. நம் சங்கராபரணம். எல்லாரும் சி-யில் தொடங்குகிறார்கள், அதில் கறுப்பே இல்லாததால் படம் சுலபமாகத் தெரிகிறது. விரலுக்கு அது சுலபமில்லை. பியானோ மேதை ஷோப்பான் தன் மாணவர்களுக்கு பி மேஜரை முதலில் கொடுத்தார். நீளமான விரல்கள் கறுப்பில், கட்டைவிரல் வெள்ளையில் என்று கை இயல்பாக உட்காரும். நீங்களும் அதை முயன்று பாருங்கள். அப்புறம் ஒரு விளையாட்டு: நாலரைக் கட்டையில், அதாவது எஃப் ஷார்ப்பில் தொடங்கி, கறுப்பை மட்டும் வரிசையாக வாசியுங்கள், மோகனம் வரும். அதே ஐந்து கட்டைகளை ஜி ஷார்ப்பிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி, ஏ ஷார்ப்பிலிருந்து இந்தோளம். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை, ஸட்ஜம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

புது கீபோர்டு இப்போது வேண்டாம். பெரும்பாலான கீபோர்டுகளில் கட்டைக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அதன் அடியில் உள்ள கரிப் பொட்டு பலகையில் பட்டால்தான் சத்தம். தூசியும் நம் ஊர் உப்புக் காற்றும் சேர்ந்தால் தொடுப்பு விட்டுப்போகும். பிரித்து ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பல சமயம் சரியாகிவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே திருப்புளியை எடுக்காதீர்கள். வாசித்து முடித்ததும் துணி போட்டு மூடி, கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.