மருத்துவம் படிக்கும் மகள் மக்களவைக்குச் செல்ல விரும்பினால்

அன்புள்ள அம்மா,

எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், பட்டம் பெற்றபின் அரசியலில் இறங்கி நாடாளுமன்ற உறுப்பினராகப் போவதாகச் சொல்வதால், இத்தனை ஆண்டு உழைப்பும் செலவும் வீணாகிவிடுமோ என்று கலங்கியிருக்கிறீர்கள். அந்தக் கலக்கம் எனக்குப் புரிகிறது. இருப்பினும், அவருடைய விருப்பம் படிப்புக்குப் பகையானதன்று என்பதற்கு டாக்டர் சுசீலா நய்யாரின் வாழ்க்கையே சான்று.

1914-இல் பிறந்த அவர், டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்று, காந்தியடிகளின் மருத்துவராகப் பணியாற்றியவர். அடிகள் மறைந்த பிறகு, அந்த நெருக்கத்தை மட்டும் நம்பி அவர் வாக்குக் கேட்கப் போகவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பி, ஃபரீதாபாத்தில் காசநோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கினார். அதன் பிறகே 1952-இல் டெல்லி சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். 1957 முதல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்சி மக்களவைத் தொகுதியில் தொடர்ந்து மூன்று முறை வென்று, 1962 முதல் 1967 வரை மத்திய சுகாதார அமைச்சராக இருந்தார்.

இந்த வரிசையில் பொதுச் சுகாதாரப் படிப்பையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். எதிரே அமர்ந்திருக்கும் ஒரு நோயாளியைக் குணப்படுத்தக் கற்ற மருத்துவருக்கு, ஒரு மாவட்டம் முழுவதிலும் அந்த நோய் ஏன் பரவுகிறது, அதைத் தடுக்க எவ்வளவு பணமும் எத்தனை பணியாளர்களும் வேண்டும் என்று கணக்கிடக் கற்றுக்கொடுப்பது அதுதான். அவையில் பேசப்படுவதும் அந்தக் கணக்குதான்.

உங்கள் மகளுக்கு அவகாசமும் இருக்கிறது. பயிற்சி மருத்துவராக இருக்கும் ஓராண்டையும் சேர்த்துப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். மக்களவைக்குப் போட்டியிட 25 வயதும் மாநிலங்களவைக்கு 30 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில், பொதுச் சுகாதாரத்தைக் கற்பிக்கும் சமூக மருத்துவத்தில் எம்.டி. என்ற முதுநிலைப் பட்டம் படிக்கலாம். அரசுப் பணியில் சேர்ந்தால், அதைத் துறந்தபின்பே கட்சியில் சேரவோ தேர்தலில் நிற்கவோ முடியும் என்பதை இப்போதே அறிந்திருப்பது நல்லது.

தோற்றால் என்ன ஆகும் என்ற உங்கள் அச்சத்துக்கும் நய்யாரின் வாழ்க்கையில் விடை உண்டு. 1971 முதல் 1977 வரை அவர் மக்களவையில் இல்லை. ஆனால் 1969-இல் சேவாகிராமில் அவர் நிறுவிய மருத்துவக் கல்லூரி இருந்தது. ஆகவே, எந்த நிலையிலும், மருத்துவராகத் தொழில் செய்யத் தேவையான மருத்துவக் கவுன்சில் பதிவை உங்கள் மகள் கைவிடக் கூடாது.

கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்கும் பயிற்சி இப்போது பாடத்திட்டத்திலேயே உள்ளது. அடுத்த விடுமுறையில் அவர் வீட்டுக்கு வரும்போது, அரசியல் பேச்சை ஒதுக்கிவைத்து, அந்தக் குடும்பங்களைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.