மெஷ் குறுகக் குறுக ஏறும் ஸ்ட்ரெஸ்: குழவிக் கல்லின் விரிசலைக் கம்ப்யூட்டரில் பார்ப்பது எப்படி?

கேள்வி: கோவை கணபதியில் சிறிய கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறேன். ஹோட்டல்களுக்குப் போகும் பெரிய கிரைண்டரின் குழவியில், தலைப்பக்கம் துளை போட்டு இரும்புத் தண்டை எபாக்சிப் பசை வைத்துப் பதிக்கிறோம். சில கற்களில் ஆறேழு மாதத்தில் துளையின் அடியிலிருந்து விரிசல் கிளம்பிச் சாய்வாக வெளியே வந்துவிடுகிறது. மகன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். மெஷ் (கணக்குக்காகக் கல்லைச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும் வலை) 4 மில்லிமீட்டர் வைத்தால் ஸ்ட்ரெஸ் (தகைவு) 6.1 மெகாபாஸ்கல், 2 வைத்தால் 8.4, 1 வைத்தால் 11.5. வலிமையைத் தாண்டும் எலிமென்ட்டை, அதாவது வலையின் கட்டத்தை, அழித்துவிடும் வசதியைப் போட்டால், ஒவ்வொரு மெஷ்ஷுக்கும் ஒவ்வொரு லோடில் கல் உடைகிறது. எதைத்தானுங்க நம்புவது?

பதில்: மூன்று எண்ணில் எதையும் நம்ப வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதால் வகுத்துப் பாருங்கள். மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரெஸ் ஏறக்குறைய 1.37 மடங்கு ஆகிறது. செங்குத்தாக வெட்டிய கூர்மையான உள்மூலைக்குக் கணக்குப்படி வர வேண்டிய ஏற்றம் இதேதான். விரிசலின் நுனியாக இருந்தால் 1.41 மடங்கு வந்திருக்கும். ஆக, மகன் வரைந்த துளையின் அடிமூலையில் ரேடியஸே (வளைவே) இல்லை. படத்தைப் பார்க்காமலே இதைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட மூலையில் கணித விடை முடிவிலி. மெஷ்ஷை எவ்வளவு குறுக்கினாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சாஃப்ட்வேர் மேல் குற்றமில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. துளை கூராக ஆக ஆக அதன் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் எல்லையில்லாமல் ஏறும் என்று 1913இல் இங்கிலிஸ் என்ற பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்படியென்றால் கீறல் விழுந்த கண்ணாடி எல்லாம் தொட்டதும் உடைய வேண்டுமே? 1921இல் கிரிஃபித் என்ற இன்னொரு பொறியாளர் வேறு வழியில் போனார். விரிசல் வளர்ந்தால் புதிதாக இரண்டு முகங்கள் உண்டாகின்றன; அதற்கு ஆற்றல் செலவாகும். பொருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் அந்தச் செலவுக்குக் கட்டுப்படியானால்தான் விரிசல் நகரும்.

எலிமென்ட்டை அழிக்கும் முறை தப்பாவதும் இந்த இடத்தில்தான். அதில் செலவாகும் ஆற்றல், அழிந்த எலிமென்ட்டின் கன அளவைப் பொறுத்தது. மெஷ்ஷைக் குறுக்கினால் அதுவும் குறைந்துகொண்டே போய், கடைசியில் சும்மாவே உடைகிற கல்லாக ஆகிவிடும்.

எண்ணில் பார்ப்போம். கிரானைட்டின் விரிசல் எதிர்ப்பை (விரிசல் ஓடாமல் தாங்கும் திறன்) 1.2 மெகாபாஸ்கல் ரூட் மீட்டர், மீள்தன்மைக் குணகத்தை (கல்லின் விறைப்பு) 50 ஜிகாபாஸ்கல் என்று வைத்தால், ஒரு சதுர மீட்டர் விரிசலுக்குச் சுமார் 29 ஜூல் ஆகிறது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் விரிசலுக்கு 0.3 ஜூல்கூட இல்லை. ஒரு கிலோ அரிசியை மூன்று சென்டிமீட்டர் தூக்கும் உழைப்பு. கல்லை உடைக்க ஆகும் செலவு அவ்வளவு மலிவு. தொடக்க விரிசல் இல்லாததால்தான் கல் முழுசாக நிற்கிறது. இழுவிசை வலிமை 10 மெகாபாஸ்கல் உள்ள கல்லில், அதே அளவு இழுவிசையின்கீழ், மேற்பரப்பிலிருந்து உள்ளே போகும் 4 மில்லிமீட்டர் விரிசல் இருந்தாலே போதும், ஓடிவிடும்.

அதனால் முதலில் பட்டறைக்குள் ஒரு விஷயத்தைப் பாருங்கள். துளையைக் கோர் பிட்டால் (குழாய் வடிவத் துளைக்கருவி) போட்டு, நடுவில் நிற்கும் கல்லை உளி வைத்துத் தட்டி எடுக்கிறீர்களா? அப்படியானால் அடிப்பக்கம் மூலை கூராக இருப்பதோடு, தட்டியதில் உண்டான மில்லிமீட்டர் கணக்கு விரிசல்களும் அங்கேயே இருக்கும். எந்த மாடலிலும் மகன் இதை வரைந்திருக்க மாட்டான். அடியை உருண்டை முனை டூலால் தேய்த்து 3 மில்லிமீட்டராவது ரேடியஸ் கொடுங்கள். மாடலிலும் அதே ரேடியஸைப் போட்டு, வளைவில் ஐந்தாறு எலிமென்ட் வருகிற மாதிரி மெஷ் செய்யுங்கள். இப்போது எண் ஒரு இடத்தில் நிற்கும். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. (விரிசல் நெட்டுக்குத்தாகப் பிளந்திருந்தால் வெப்பத்தைச் சந்தேகப்பட்டிருப்பேன். 30 டிகிரி ஏறினால் இரும்பு கல்லைவிட அதிகம் விரிந்து, துளையைச் சுற்றிச் சுமார் 4 மெகாபாஸ்கல் இழுவிசையை உண்டாக்கும். உங்களுடையது சாய்வாக வருவதால் மூலைதான் முதல் குற்றவாளி.)

அதன் பிறகும் விரிசல் வளர்வதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், கோஹெசிவ் எலிமென்ட் முறையைப் பரிந்துரைப்பேன். உடைந்த கற்களைப் பார்த்து விரிசல் போகும் பாதை உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதையில் மட்டும் இந்த எலிமென்ட்டுகளை வையுங்கள். கல்லின் இரு பக்கத்தையும் பசை மாதிரி பிடித்துவைத்து, பிரிய விடுவதற்கு வலிமையோடு அந்த 29 ஜூல் ஆற்றலையும் தனியாகக் கேட்கும் முறை இது. மேலே சொன்ன எண்களுக்கு, விரிசல் நுனியில் கல் தளர்கிற பகுதி 14 மில்லிமீட்டர் அளவில் வரும். அதில் நாலைந்து எலிமென்ட் இருந்தால் போதும். 3 மில்லிமீட்டர் மெஷ், சாதாரண லேப்டாப்பே தாங்கும். இப்போது எல்லோரும் பேசும் பேஸ் ஃபீல்ட் முறை, விரிசலைக் கோடாக வைக்காமல் மங்கலான பட்டையாகக் கணக்கிட்டு, பாதையைத் தானே கண்டுபிடிக்கும். அழகான முறைதான். ஆனால் அதில் விரிசலின் அகல அளவை இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அதிகம் பயன்படும் வடிவத்தில் உங்கள் கல்லுக்கு அது சுமார் 1.5 மில்லிமீட்டர், மெஷ் அதில் பாதிக்கும் கீழே. குழவி முழுவதையும் அப்படி மெஷ் செய்தால் லேப்டாப் திணறிவிடும்.

ஆறேழு மாதம் கழித்து உடைகிறது என்றீர்களே, அதற்கு இந்த முறைகள் எதிலும் நேரடியாக விடை இல்லை. கிரானைட்டிலும் கண்ணாடியிலும் விரிசல் நுனிக்குத் தண்ணீர் போனால், சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பை அது மெல்ல அறுக்கும். உடைக்கும் அளவுக்குக் கீழே லோடு இருந்தாலும் விரிசல் ஊர்ந்துகொண்டே இருக்கும். தினமும் மாவில் நனையும் கல்லுக்கு, உலர்ந்த கல்லின் எண்ணைப் போட்டு "தாங்கும்" என்று சொல்லிவிடாதீர்கள். துளையின் வாய் எபாக்சியால் முழுக்க அடைபட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, கல்லின் எண்கள். என்னுடையவை பொதுவானவை, ஊத்துக்குளிக் கல்லா வேறு கல்லா என்பதைப் பொறுத்து மாறும். கோர் எடுத்து, 54 மில்லிமீட்டர் விட்டமும் 27 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள வட்டுகளாக அறுத்து, பிரேசிலியன் சோதனை (வட்டை விளிம்பில் நிறுத்தி அமுக்கிப் பிளந்து இழுவிசை வலிமையை அளப்பது) செய்யச் சொல்லுங்கள். ஒன்று போதாது, பத்து வேண்டும். நொறுங்கும் பொருளில் ஒரு துண்டுக்கும் இன்னொன்றுக்கும் வலிமை நிறையவே மாறும். கல் எந்தப் பக்கம் எளிதாகப் பிளக்கும் என்று குவாரியில் உடைப்பவரைக் கேட்டு, அந்தத் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைக்குச் சிவில் துறை உள்ள கல்லூரிக்குப் போனால், கான்கிரீட் கட்டி உடைக்கும் 200 டன் மெஷினில் போட்டுவிடப் பார்ப்பார்கள். உங்கள் வட்டு இரண்டேகால் டன்னிலேயே உடைந்துவிடும். அந்த மெஷினில் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. சின்ன மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.