அப்பாவின் சுகர், பிரஷர் மாத்திரைச் செலவைக் குறைக்க அரசு உதவி உண்டா?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தும் மெடிக்கல் ஷாப்பில் பணம் கட்டித்தான் வாங்குகிறோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான். மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அப்பாவை அழைத்துப் போங்கள். பழைய சீட்டையும் காலியான மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சுகரும் பிரஷரும் பார்த்து, பதிவு செய்து, மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். நடக்க முடியாதவர் என்றால் அதையும் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள்.

அங்கே இல்லாத மருந்துக்கு மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி) அல்லது 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம். இலவசம் இல்லை, ஆனால் விலை நன்றாகக் குறையும். இந்தக் கடைகளில் பிராண்ட் பெயரைச் சொன்னால் ‘இல்லை’ என்று பதில் வரலாம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின் 500 மி.கி. என்பதுபோல மூலப்பெயர் இருக்கும். அதைக் கேளுங்கள். பக்கத்தில் ‘எஸ்ஆர்’ என்று இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது மெதுவாகக் கரையும் வகை. இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால், மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை.

சந்தேகம் இருந்தால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்கு அடியுங்கள்.