மனைவியைச் சம்மதிக்க வைப்பது இருக்கட்டும்

கேள்வி: "சிங்கப்பூரில் இருக்கிறேன். ஓய்வு பெற்றதும் ஒரு பாய்மரப் படகு வாங்கி, மலேசியா, தாய்லாந்துப் பக்கம் சில வருடம் படகிலேயே வாழ ஆசை. மனைவியைச் சம்மதிக்க வைப்பது எப்படி?"

பேசாமல் கடந்து போயிருக்கலாம், முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் படகு ஆசை பிடித்தவள் நான். சம்மதிக்க வைக்கப்பட்டவர் என் வீட்டுக்காரர். 2017 தொடக்கத்திலிருந்து 2021 வரை ஒரு 34 அடிப் படகில் குடித்தனம் நடத்தினோம்.

உங்களை எனக்குத் தெரியாது, ஆனால் ஊகிக்கிறேன். ஐம்பத்தைந்தை நெருங்குகிறீர்கள், மசேநி (மத்திய சேமநிதி) கணக்கை அடிக்கடி திறந்து பார்க்கிறீர்கள், ராத்திரியில் வெள்ளைக்காரத் தம்பதி படகு முனையில் உட்கார்ந்து இளநீர் குடிக்கிற வீடியோ பார்க்கிறீர்கள், பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறார். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். நானும் பெரிய மாலுமி கிடையாது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பேப்பர் வேலை பார்த்தவள், சாங்கிப் பக்கம் வார இறுதிகளில் சின்னப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, அப்புறம் மோட்டார் படகு லைசென்ஸ் எடுத்தவள். நாங்கள் போனது ஜொகூர், போர்ட் டிக்சன், பங்கோர், பினாங்கு, லங்காவி, புக்கெட், அவ்வளவுதான். அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

காசைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கமெண்டில் யாராவது கேட்பார்கள். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை முழுசாக வாடகைக்கு விட்டோம் (நாமே குடியிருக்க வேண்டிய 5 வருடக் கட்டாயம் எப்போதோ முடிந்த வீடு, சட்டப்படிதான் செய்தோம், யாரும் புகார் எழுத வேண்டாம்). மாதம் சராசரியாக 2,600 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவானது. படகைக் கரையேற்றி, அடியில் சிப்பி மாதிரி ஒட்டிய கொட்டலசைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற மாதம் இதில் சேராது. அந்த மாதத்துக்கு அவர் தனி நோட்டு வைத்திருந்தார், எனக்குக் காட்ட மாட்டார்.

புயல் வராதா என்று உங்கள் மனைவி கேட்பார். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் காற்றைச் சுழல வைக்கப் பூமிச் சுழற்சியின் விசை போதாது, அதனால் பொதுவாகப் புயல் உருவாவதில்லை. 2001 டிசம்பரில் வாமெய் புயல் இங்கேயே உருவாகி ஜொகூரில் கரையேறியதே என்று எழுதக் கிளம்பியவருக்கு: தெரியும், நானும் அப்போது இங்கேதான் இருந்தேன். மலாக்கா நீரிணையில் நீங்கள் பயப்பட வேண்டியது 'சுமத்ரா'வுக்கு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, அனேகமாக விடியும் முன்னால், சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று வருகிற காற்றும் மழையும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். வீட்டில் இருந்தால் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வோமே, அதேதான். மற்ற நாட்களில் காற்றே இருக்காது. பாய்மரப் படகு என்று பேர், ஓடுவதென்னவோ டீசலில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2017 மே மாதம். ஜொகூரிலிருந்து வடக்கே கிளம்பி முதல் ராத்திரி பீசாங் தீவுக்குக் கிழக்கே நங்கூரம் போட்டோம். தீவு மலேசியாவுடையது, அதன் கலங்கரை விளக்கை மட்டும் 1900-இல் ஜொகூர் சுல்தானோடு செய்த ஒப்பந்தப்படி சிங்கப்பூர் பார்த்துக்கொள்கிறது. "நம்ம ஊர் விளக்குதான்" என்று அவருக்கு ஒரு நிம்மதி. ஆழம் எட்டு மீட்டர், நான் விட்ட சங்கிலி இருபத்தைந்து. ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். களைப்பு, கடலும் கண்ணாடி மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து முழிப்பு வந்தது. வெளியே வந்தால் கலங்கரை விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மழையில் காணவில்லை. பின்பக்கம் திரும்பினால், மாலையில் தூரத்தில் நின்ற மணல் தொங்கான் (சரக்குப் படகு) இப்போது பெரிதாகத் தெரிகிறது. நங்கூரம் சேற்றில் உழுதுகொண்டு வருகிறது. நான் முன்னால் ஓடிச் சங்கிலியை விட வேண்டும், அதுவரை இழுப்பு குறைய யாராவது இன்ஜினை முன்னால் ஓட்ட வேண்டும். அந்த யாராவது அவர்தான். முந்தின நாள் முழுக்க வாந்தி எடுத்து, உப்புப் பிஸ்கட்டில் காலம் தள்ளிய மனிதர், பனியனோடு எழுந்து வந்தார்.

"கியரைப் போட்டு மெதுவா முன்னாடி விடுங்க" என்று கத்திவிட்டு ஓடினேன். இன்ஜின் உறுமுகிறது, காதைப் பிளக்கிறது, படகு முன்னால் போகவில்லை. நான் அங்கிருந்து கத்துகிறேன், அவர் இங்கிருந்து ஏதோ கத்துகிறார், நடுவில் முப்பது அடி மழை. சங்கிலியை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்து பார்த்தால் கியருக்கும் ஆக்சிலரேட்டருக்கும் சேர்த்து இருக்கிற ஒரே நெம்புகோலின் அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே இழுத்தபடி இருக்கிறது. அதை இழுத்துவிட்டால் கியர் விழாது, வெறும் ஆக்சிலரேட்டர்தான். சாயங்காலம் இன்ஜினைச் சூடாக்கும்போது, "இதை இழுத்துக் கொஞ்சம் முறுக்குங்க" என்று நானே சொல்லிக் கொடுத்தது. அது ஒன்றைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நெம்புகோலை நடுவுக்குக் கொண்டுவந்து, பொத்தானை உள்ளே தட்டி, முன்னால் தள்ளினேன், படகு நகர்ந்தது. நாற்பது மீட்டர் சங்கிலி போனதும் நங்கூரம் பிடித்தது. தொங்கானில் யாரோ ஒரு டார்ச் லைட்டை எங்கள் மேல் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தார்கள்.

விடிந்ததும் நான் காபி போட்டேன். அவர் வாங்கிக்கொண்டு சத்தமே இல்லாமல் சொன்னார்: "உனக்கு ஆள் வேணும்னா சொல்லு, கத்துக்கறேன். லக்கேஜ் வேணும்னா நான் வீட்லயே இருந்திருப்பேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. பேச ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் கெஞ்சி, மிரட்டி, "ஒரு ஆறு மாசம் வந்து பாருங்க" என்று அவரைச் சம்மதிக்க வைத்தேனே தவிர, ஒரு கயிறு கட்டக் கற்றுத்தரவில்லை. சொல்லிக் கொடுப்பதைவிட நானே செய்வது சீக்கிரம் முடிந்தது.

அதற்கப்புறம் இன்ஜின் அவருடையது. கணக்காளர் இல்லையா, எண்ணெய் மாற்றிய தேதி, எத்தனை மணி ஓடியது எல்லாம் நோட்டில் ஏறியது. குளிர்நீர் பம்பில் இருக்கிற கைப்பிடியளவு ரப்பர் சக்கரம், இம்பெல்லர், கிழிந்தால் இன்ஜின் கொதித்துவிடும். போர்ட் டிக்சனுக்கு வெளியே அது கிழிந்தபோது, பயந்தபடியே, ஆடுகிற படகில் குப்புறப் படுத்து மாற்றினார். கடைசியில் கிழிந்த சக்கரத்தில் ஓர் இறகு குறைந்தது, அதைத் தேடிக் குழாய்க்குள் விரல் விட்டு எடுத்துவிட்டுத்தான் எழுந்தார். சத்தம் போட்டுப் பேசுவதை விட்டுவிட்டுக் கைச் சைகை வைத்துக்கொண்டோம். இன்றைக்கும் தேக்கா சந்தைக் கூட்டத்தில் அவர் முஷ்டியை உயர்த்தினால் 'நில்' என்று அர்த்தம்.

பினாங்கிலிருந்து லங்காவி போகும் வழியில் வலப்பக்கம் ஜெராய் மலை தெரியும், 1,217 மீட்டர், நம் ஆட்கள் கடாரம் கடாரம் என்று பெருமை பேசுகிற கெடாவுக்கு அந்தக் காலத்திலிருந்தே அடையாளம். சொந்தக்காரர்கள் அவரைக் 'கடாரம் கொண்டான்' என்று வாட்ஸ்அப்பில் ஓட்டுவார்கள். முதல் தடவை அதைத் தாண்டியபோது நான் பார்க்கவில்லை. சுக்கான் அவர் கையில், நான் கீழே நாலு மணி நேரம் தூங்கினேன்.

இதில் இன்னொன்று. மலேசியாவில் ஒவ்வொரு துறைமுகத்திலும் இமிக்ரேஷன், சுங்கம், துறைமுக அலுவலகம் என்று படியேற வேண்டும். படிவத்தில் கேப்டன் என்று என் பேர் இருக்கும். ஓர் அலுவலகத்தில் பேனாவை என்னைத் தாண்டி அவரிடம் நீட்டினார்கள். அவர் வாங்கி என்னிடம் கொடுத்தார். மறுபடி கேள்வி அவரிடமே. எங்கள் ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை, "உன்னை இப்படி இழுத்துக்கிட்டுத் திரியறாரேம்மா" என்று பரிதாபப்பட்டவர்களை விரல் விட்டு எண்ண முடியாது. உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்தப் பேனாதான் ஞாபகம் வந்தது. உங்கள் மேல் கோபமில்லை.

ஆக, மனைவியைச் சம்மதிக்க வைக்காதீர்கள். நீங்கள் இல்லாமல் அவர் தனியாகப் போய் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும், கணவன் சொல்லிக் கொடுத்தால் உருப்படாது. பிடிக்கவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும், பெரிய செலவில்லாமல்.

அப்புறம், வீட்டுச் சாமான்களை யாரிடம் விட்டுப் போகிறீர்கள் என்பதை யோசித்துச் செய்யுங்கள். படகில் அட்டைப்பெட்டிகூட ஏற்றமாட்டோம், கரப்பான் முட்டை வரும் என்று. கிரைண்டருக்கு எங்கே இடம். என் அம்மா கோயம்புத்தூரிலிருந்து எடுத்து வந்த கல் கிரைண்டரை நாத்தனார் வீட்டில் வைத்தேன். 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாடு போட்டதும் நாங்கள் லங்காவியில் மாட்டிக்கொண்டோம், திரும்பி வந்து கேட்டால், "நீங்க எங்க வரப்போறீங்கன்னு நினைச்சு யாருக்கோ குடுத்துட்டேன்" என்கிறார். யாருக்கு என்று இன்றுவரை சொல்லவில்லை. அவர் இந்தத் தளத்துக்கு வருவார் என்று தெரியும், போன மாதம் பாயசம் பற்றி ஒரு பதில் எழுதியிருந்தார். அண்ணி, மோட்டார் வேண்டாம், கல் மட்டும் கிடைத்தால் போதும்.